கிளைபோசேட் களைக்கொல்லி: நெடுநாள் பாதுகாப்பை மதிப்பிட்ட வரலாறு

கிளைபோசேட் உலகில் மிக அதிக அளவில் தெளிக்கப்படும் களைக்கொல்லி. அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனம் 1974இல் இதை ‘ரவுண்டப்’ என்ற வணிகப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுகளாக ஒரு கேள்வி இதைத் தொடர்ந்து வருகிறது: இருபது, முப்பது ஆண்டுகள் இதைத் தெளிப்பவருக்கும், இதன் எச்சம் கலந்த உணவை உண்பவருக்கும் புற்றுநோய் முதலான நோய்கள் வருமா? 1985இல் அமெரிக்க அரசு முகமை ‘வரக்கூடும்’ என்றது. 1991இல் அதே முகமை ‘வராது’ என்றது. 2015இல் உலகச் சுகாதார அமைப்பைச் சார்ந்த ஒரு நிறுவனம் ‘வரும் வாய்ப்பு உள்ளது’ என்றது. பொருள் மாறவில்லை, அதை அளக்கும் முறையும், எந்தச் சான்றை ஏற்பது என்ற முடிவுமே மாறின.

முன்கதை

வேதியியல் களைக்கொல்லிகளின் காலம் 1940களில் 2,4-டி என்ற பொருளுடன் தொடங்கியது. நெல், கோதுமை போன்ற புல்லினப் பயிர்களை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்வது இதன் இயல்பு. இதன் உடன்பிறப்பான 2,4,5-டி என்பதையும் 2,4-டியையும் சம அளவில் கலந்து ‘ஏஜெண்ட் ஆரஞ்சு’ என்ற பெயரில் அமெரிக்கப் படை வியட்நாம் காடுகளின் மீது தெளித்தது. 2,4,5-டி தயாரிக்கும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு மாசாக உருவாகிறது என்பது பின்னரே பரவலாகத் தெரிந்தது. 1979இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் பெரும்பாலான பயன்பாடுகளை அவசர ஆணையால் நிறுத்தியது.

தெளித்த அன்று யாரும் விழுந்து சாகவில்லை என்பதை வைத்து ஒரு மருந்தைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பது இதனால் தெளிவாயிற்று. உடனடி நச்சுத்தன்மை வேறு, நெடுநாள் நச்சுத்தன்மை வேறு. கிளைபோசேட்டின் உடனடி நச்சுத்தன்மை மிகக் குறைவு. அது தாவரங்களில் சில அமினோ அமிலங்களை உருவாக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. தாவரங்களிலும் பூஞ்சைகளிலும் பல நுண்ணுயிர்களிலும் உள்ள அந்த நொதி மனிதரிடமும் விலங்குகளிடமும் இல்லை. ‘உப்பை விடத் தீங்கு குறைந்தது’ என்று விற்பனையாளர்கள் சொன்னதற்கு எலிகளின் உடனடி இறப்பு அளவு ஆதாரமாக இருந்தது. ஆனால் அந்த அளவு நெடுநாள் கேள்விக்கு எந்த விடையும் தருவதில்லை.

நெடுநாள் பாதுகாப்பு எப்படி அளக்கப்படுகிறது?

முறை எளியது. எலிகளையும் சுண்டெலிகளையும் நான்கு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு மருந்தில்லாத தீவனம்; அது ஒப்பீட்டுக் குழு. மற்றவற்றுக்குக் குறைந்த, நடுத்தர, அதிக அளவில் மருந்து கலந்த தீவனம். சுண்டெலிகளுக்குப் பதினெட்டு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை, எலிகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு இப்படியே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு விலங்கின் உறுப்புகளையும் மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எந்த அளவு வரை தீங்கு எதுவும் தென்படவில்லையோ, அந்த அளவை 100ஆல் வகுப்பார்கள். விலங்கிலிருந்து மனிதருக்கு வருவதற்கு ஒரு 10. மனிதருக்குள்ளேயே குழந்தை, முதியவர், நோயாளி என்ற வேறுபாட்டுக்கு இன்னொரு 10. இந்த நூறு 1950களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நச்சியலாளர்கள் வகுத்த நடைமுறை எண். இயற்கை விதி எதிலிருந்தும் பிறந்ததல்ல. ஆனாலும் இன்றுவரை உலகம் முழுவதும் இதுதான் வழக்கில் உள்ளது.

கிளைபோசேட்டுக்கு உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து அமைத்த குழு வைத்த வரம்பு, ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 மில்லிகிராம். ஐரோப்பிய வரம்பு இதில் பாதி.

இந்த முறையின் வலுவின்மையை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஒரு குழுவில் பொதுவாக 50 ஆண், 50 பெண் விலங்குகள் இருக்கும். 50இல் ஒன்றுக்கும் கட்டி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உண்மையான வாய்ப்பு நூற்றுக்கு 6 வரை இருக்க இடம் உண்டு என்பது புள்ளியியல் விதி. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோயை 50 சுண்டெலிகளில் தேடிப் பிடிக்க முடியாது. இதை ஈடுகட்டவே விலங்குகளுக்கு மிக அதிக அளவு மருந்து கொடுக்கப்படுகிறது. அப்படிக் கொடுத்தால், ‘இவ்வளவு மருந்தை எந்த மனிதர் உண்ணப் போகிறார்?’ என்ற எதிர்க்கேள்வி உடனே வருகிறது. இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருப்பதுதான் இந்தத் துறையின் தீராத சிக்கல்.

போலி ஆய்வுகள்

எலிகளைப் பார்ப்பவர் நேர்மையானவராக இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் முதல் நிபந்தனை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இயங்கிய இன்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற ஆய்வகம் அந்நாட்டின் மிகப் பெரிய நச்சியல் ஆய்வகங்களில் ஒன்று. 1976இல் அரசு ஆய்வாளர்கள் அங்கே சென்று பதிவேடுகளைப் பார்த்தபோது, இறந்த எலிகளுக்குப் பதிலாகப் புதிய எலிகள் சேர்க்கப்பட்டதும், செய்யாத சோதனைகளுக்கு முடிவு எழுதப்பட்டதும் வெளிவந்தன. பல நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கான அனுமதி இந்த ஆய்வகத்தின் அறிக்கைகளை நம்பியே தரப்பட்டிருந்தது. கிளைபோசேட்டுக்கான சில தொடக்க ஆய்வுகளும் அங்கே செய்யப்பட்டவை. 1983இல் ஆய்வகத்தின் முன்னாள் அலுவலர் மூவர் குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆய்வுகள் பின்னர் வேறு இடங்களில் மீண்டும் செய்யப்பட்டன. ஆய்வகங்கள் ஒவ்வொரு படியையும் பதிந்து வைத்து, வெளித்தணிக்கைக்குத் திறந்துவிட வேண்டும் என்ற ‘நல்லாய்வக நடைமுறை’ விதிகள் 1978 முதல் வரத் தொடங்கியதற்கு இந்த ஊழலே முதன்மைக் காரணம்.

ஆனால் ஆய்வைச் செய்ய ஆகும் செலவை, பொருளை விற்க விரும்பும் நிறுவனமே ஏற்பது என்ற ஏற்பாடு மாறவில்லை. அறிக்கைகள் வணிக இரகசியம் என்று பூட்டி வைக்கப்பட்டதும் நெடுங்காலம் மாறவில்லை.

ஒரு சுண்டெலியின் சிறுநீரகம்

கிளைபோசேட் வரலாற்றில் மிகவும் படிப்பினை தரும் பகுதி 1983இல் முடிந்த ஒரு சுண்டெலி ஆய்வு. நான்கு குழுக்கள். தீவனத்தில் மருந்தின் பங்கு முறையே சுழி, நூற்றுக்கு 0.1, 0.5, 3. ஆண் சுண்டெலிகளின் சிறுநீரகத்தில் அரிதாக வரும் ஒரு வகைக் கட்டி இந்தக் குழுக்களில் முறையே 0, 0, 1, 3 என்ற எண்ணிக்கையில் காணப்பட்டது.

எண்கள் மிகச் சிறியவை. ஆனால் மருந்து கூடக் கூடக் கட்டியும் கூடுகிறது. மருந்தே உண்ணாத குழுவில் ஒன்றும் இல்லை. கட்டியோ அரிய வகை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த முகமையின் அறிவியலாளர்கள் 1985இல் கிளைபோசேட்டை ‘சி’ வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என்ற வகுப்பில் வைத்தார்கள்.

நிறுவனம் இதை ஏற்கவில்லை. வெளியிலிருந்து ஒரு நோயியல் வல்லுநரை அமர்த்தி, பழைய கண்ணாடிச் சீவல்களை மறுபடி பார்க்கச் செய்தது. அவர் ஒப்பீட்டுக் குழுவின் ஒரு சுண்டெலியிலும் சிறு கட்டி இருப்பதாகச் சொன்னார். வரிசை 1, 0, 1, 3 என்று மாறியது. மருந்தே உண்ணாத விலங்குக்கும் கட்டி வந்திருக்கிறது என்றால், மற்றக் கட்டிகளும் தாமாக வந்தவையாக இருக்கலாம் என்ற வாதம் வலுப்பெற்றது. முகமை சிறுநீரகங்களைப் புதிதாகச் சீவிப் பார்க்கச் சொன்னது. புதிய சீவல்களில் கூடுதலாகக் கட்டி எதுவும் தென்படவில்லை. அந்த ஒற்றைக் கட்டி உண்மையில் கட்டிதானா என்பதிலும் வல்லுநர்கள் ஒத்துப்போகவில்லை.

1986இல் முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு, தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று கூறி, ‘டி’ வகுப்பைப் பரிந்துரைத்தது. ஆய்வை மீண்டும் நடத்தவும் சொன்னது. எலிகளில் புதிய ஆய்வு நடந்தது. முந்தைய எலி ஆய்வில் கொடுத்த அளவு மிகக் குறைவு என்பதால் அது தேவையாகவும் இருந்தது. சுண்டெலி ஆய்வை மீண்டும் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை பின்னர் கைவிடப்பட்டது. 1991இல் முகமை கிளைபோசேட்டை ‘ஈ’ வகுப்புக்கு, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று இல்லாத பொருள் என்ற வகுப்புக்கு மாற்றியது. முடிவெடுத்த குழுவில் சிலர் தங்களுக்கு உடன்பாடில்லை என்று குறித்தார்கள்.

இதைச் சதி என்று சொல்லிவிடுவது எளிது. நான்கு கட்டிகளை வைத்துக்கொண்டு ஒரு பொருளைத் தண்டிப்பதும் விடுவிப்பதும் இரண்டுமே கடினம் என்பதே உண்மைக்கு நெருக்கமான விளக்கம். ஆயினும் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. ஐயம் எழுந்தபோது, பழைய சீவலைப் பற்றி ஆறு ஆண்டுகள் வாதாடியதற்குப் பதிலாக அந்த ஆய்வையே இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்திருந்தால், பின்னால் வந்த சண்டைகளில் பாதி இருந்திருக்காது.

பயன்பாடு பெருகிய காலம்

1996இல் கிளைபோசேட்டைத் தாங்கும்படி மரபணு மாற்றப்பட்ட சோயா அமெரிக்காவில் விதைக்கப்பட்டது. மக்காச்சோளமும் பருத்தியும் தொடர்ந்தன. அதுவரை விதைப்புக்கு முன் மட்டும் தெளிக்கப்பட்ட மருந்தை இப்போது நின்ற பயிரின் மீதே தெளிக்கலாம். உலக வேளாண்மையில் இதன் பயன்பாடு 1995இல் சுமார் 5 கோடி கிலோ. 2014இல் சுமார் 75 கோடி கிலோ. சில நாடுகளில் கோதுமை, ஓட்ஸ் கதிர்களை ஒரே சீராக உலர்த்த அறுவடைக்குச் சற்று முன்னும் தெளிக்கிறார்கள். அமெரிக்காவில் 2013-14இல் எடுத்த மக்கள் சிறுநீர் மாதிரிகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் கிளைபோசேட்டின் சுவடு இருந்தது. சுவடு இருப்பது நோய் இருப்பதாகாது. அளவுகள் வரம்புக்கு மிகக் கீழே இருந்தன. ஆனால் 1980களில் மதிப்பிட்டபோது இருந்த வாழ்க்கைச் சூழல் இப்போது இல்லை என்பதை அது காட்டியது.

2015: இரண்டு தீர்ப்புகள்

2015 மார்ச்சில் பிரான்சின் லியோன் நகரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய 17 வல்லுநர்கள், கிளைபோசேட் ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது’ என்று கூறி ‘2ஏ’ பிரிவில் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படி உண்டாக்கும் வாய்ப்பு இல்லை என்றது. ஓர் உறுப்பு நாட்டைத் தவிர மற்ற நாடுகளின் வல்லுநர்கள் அதை ஏற்றார்கள். பொதுமக்களுக்குத் தலை சுற்றியதில் வியப்பில்லை.

இரு முடிவுகளும் ஒரே கேள்விக்கு வந்த விடைகள் அல்ல. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஓர் அபாயம். அதன் அருகே யார் நடக்கிறார், எத்தனை முறை, பகலிலா இரவிலா என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது இடர். லியோன் குழு கிணற்றில் சுவர் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தது. எவ்வளவு மருந்து உடலில் சேர்ந்தால் எவ்வளவு நோய் என்று அது சொல்லவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அம்முகமை ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியையும் அதே ‘2ஏ’ பிரிவில் சேர்த்தது.

வேறு இரண்டு வேறுபாடுகளும் உண்டு. லியோன் குழு வெளியிடப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஆணையம் நிறுவனங்கள் தந்த வெளியிடப்படாத அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டது. அடுத்து, ஆணையம் முதன்மையாகத் தூய கிளைபோசேட்டை மதிப்பிட்டது. விவசாயி தெளிப்பதோ தூய பொருளை அன்று. இலையில் ஒட்டி ஊடுருவ உதவும் துணைப்பொருள்கள் கலந்த கலவையை. அத்தகைய துணைப்பொருள்களில் ஒன்றான பி.ஓ.இ.ஏ. கிளைபோசேட்டை விட நச்சு மிகுந்தது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அதைக் கிளைபோசேட் கலவைகளில் சேர்க்கக் கூடாது என்றது.

விவசாயிகளின் உடலில் தேடியது

எலிகளை விட்டு மனிதரிடம் வந்தால், அமெரிக்காவின் ‘வேளாண் நல ஆய்வு’ மிகப் பெரியது. அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் 1997 வரை மருந்து தெளிப்பவர்களைச் சேர்த்து, அவர்களுடைய நோய்களைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு 54,251 பேரைப் பற்றியது. அவர்களில் 44,932 பேர் கிளைபோசேட் பயன்படுத்தியவர்கள். பெரிதும் ஐயுறப்பட்ட ‘நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா’ என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கிளைபோசேட்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் ஒரு வகை இரத்தப் புற்றுநோய் கூடியிருந்தது; ஆனால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவே. 2019இல் வேறு ஆய்வாளர்கள், இந்த ஆய்வையும் பழைய சிறு ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து, மிக அதிகமாகத் தெளித்தவர்களை மட்டும் கணக்கிட்டபோது, அந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 41 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள்.

சிறு ஆய்வுகளில் நோயாளிகளைத் தேடிப் போய் ‘முன்பு என்ன தெளித்தீர்கள்?’ என்று கேட்பார்கள். நோய் வந்தவர் கூர்ந்து நினைவுகூர்வார், வராதவர் மறந்துவிடுவார். பெரிய ஆய்வில் இந்தக் குறை இல்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் பிற்கால வினாத்தாளுக்குப் பதில் தரவில்லை. அவர்கள் எவ்வளவு தெளித்திருப்பார்கள் என்று ஊகித்தே நிரப்பினார்கள். அயோவா விவசாயி டிராக்டரில் அமர்ந்து தெளிக்கிறார். முதுகில் தெளிப்பானைச் சுமந்து, தான் தெளித்த ஈரப் புல்லின் நடுவே வெறுங்காலுடன் நடக்கும் கூலித்தொழிலாளியின் நிலையை அந்த எண்கள் சொல்ல மாட்டா.

இலங்கையின் தடை

இலங்கையில் இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. 1990கள் முதல் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத நெல் விவசாயிகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். குடும்பத்தில் உழைக்கும் ஆள் போய்விடுவதால் ஊர் ஊராக வறுமை சூழ்ந்தது. 2014இல் இலங்கை ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள். கிளைபோசேட் உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. 1964இல் அது முதலில் காப்புரிமை பெற்றதே உலோகம் பற்றும் பொருளாகத்தான். வறண்ட பகுதியின் கடின நீரிலுள்ள உலோகங்களுடன் அது சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்றார்கள். கட்டுரை சொன்னது ‘இருக்கலாம்’ என்பதை. அளந்து காட்டியதை அன்று. மறு ஆண்டு அவர்கள் செய்த ஆய்வில் கிளைபோசேட் தெளித்தவர்களிடமும் கிணற்று நீர் குடித்தவர்களிடமும் நோய் கூடுதலாக இருந்தது.

பொலன்னறுவையைச் சேர்ந்த மைத்திரிபால சிறிசேன குடியரசுத் தலைவரான பின், 2015இல் கிளைபோசேட் முழுவதும் தடை செய்யப்பட்டது. எதிர்த்தவர்கள் ஒரு நல்ல கேள்வியை எழுப்பினார்கள்: மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இதை அதிகம் தெளித்தார்களே, அங்கே ஏன் இந்த நோய் இப்படிப் பரவவில்லை? எல் சால்வடார், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தொழிலாளர்களிடமும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற நோய் இருக்கிறது. கடும் வெயிலில் நீரின்றி உழைப்பது, ஃபுளோரைடு, நீரின் கடினத்தன்மை, வேறு மருந்துகள் என்று பல காரணங்கள் இன்றும் ஆராயப்படுகின்றன.

தடையின் சுமை மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்யும் தோட்டங்களில் இறங்கியது. களையைக் கையால் எடுக்க ஆள் போதவில்லை. சில தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. என்ற வேறு களைக்கொல்லிக்கு மாறின. அதன் எச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பதை ஜப்பான் குறையாகச் சொன்னது. 2018இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டது. 2022இல் பொதுத் தடையும் விலக்கப்பட்டது. தடையால் நோய் குறைந்ததா என்று அறிய, ஊர்வாரியாகப் புதிய நோயாளிகளின் கணக்கு தடைக்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகளுக்கு வேண்டும். சிறுநீரகம் பழுதாக ஆண்டுக்கணக்கில் ஆகும்போது சில ஆண்டுத் தடை விடை தராது.

நீதிமன்றமும் இதழும்

2018 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில், பள்ளி மைதானங்களில் ரவுண்டப் தெளித்து வந்த ஒரு தொழிலாளிக்கு 28.9 கோடி டாலர் இழப்பீடு தர அறங்கூறு குழு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது சுமார் 2 கோடி டாலராகக் குறைந்தது. மான்சான்டோவை அதே ஆண்டு வாங்கியிருந்த பேயர் நிறுவனம், 2020இல் பல்லாயிரம் வழக்குகளை முடிக்க ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. தீர்ப்பு அறிவியல் முடிவாகாது. அறங்கூறு குழுவினர் வேதியியலர்கள் அல்லர். வழக்குகளால் கிடைத்த உண்மையான பயன், நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் 2017 முதல் வெளிவந்ததே. கிளைபோசேட் பாதுகாப்பானது என்று 2000ஆம் ஆண்டில் மூன்று வெளியாட்கள் பெயரில் வந்து, பல நாடுகளின் அறிக்கைகளில் மேற்கோளான ஒரு மதிப்புரைக் கட்டுரையை எழுதுவதில் நிறுவன ஊழியர்களுக்கும் பங்கு இருந்ததை அவை காட்டின. 2025இல் அக்கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது. இருபத்தைந்து ஆண்டுகள் அது சான்றாக நின்றிருந்தது.

2022இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ‘புற்றுநோய் வாய்ப்பு இல்லை’ என்ற முடிவு முகமையின் சொந்த வழிகாட்டு நெறிகளுக்கே பொருந்தவில்லை என்று கூறி அந்தப் பகுதியை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மேலும் பத்து ஆண்டுகளுக்கு அனுமதியைப் புதுப்பித்தது. புற்றுநோய் பற்றி எத்தனை சண்டை இருந்தாலும், கிளைபோசேட் கண்ணுக்குக் கடும் பாதிப்பைத் தரும் என்பதில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமைக்கு ஐயமில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் கிளைபோசேட்டுக்கு முறையான அனுமதி தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லா நிலங்களுக்கும்தான். நடைமுறையில் வரப்பு, தென்னந்தோப்பு, பருத்தி என்று பல இடங்களில் தெளிக்கப்படுகிறது. கேரளம் 2019இல் இதைத் தடை செய்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்று ஆணையிட்டது. அத்தகைய உரிமம் பெரும்பாலும் நகரங்களில் கரையானும் கரப்பானும் ஒழிக்கும் நிறுவனங்களிடம் இருக்கிறது. அரை ஏக்கர் வரப்புக் களைக்கு அவர்களை அழைக்கும் விவசாயி அரிது. அவர் உரக்கடைக்குச் செல்கிறார். கடைக்காரர் சொல்லும் மூடி அளவைத் தண்ணீரில் கலந்து, கண்ணாடியோ கையுறையோ இல்லாமல் தெளிக்கிறார். லியோனிலும் வாஷிங்டனிலும் போட்ட கணக்குகள் எதிலும் இந்தத் தெளிப்பவர் இல்லை.